கத்திக்கு முந்தைய மாதங்கள்

மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்து என்னிடம் வரும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகின்றன. "டாக்டர், வயிற்றைக் கிழிக்காமல் துளை போட்டுச் செய்துவிடலாமா? ரோபோ இருக்கிறதாமே?" நெடுஞ்சாலை ஓரத்து விளம்பரப் பலகைகளில் ரோபோவின் கைகளைப் பார்த்துப் பார்த்து மனதில் பதிந்த கேள்வி அது. நியாயமான கேள்வியும்கூட. சின்னத் தழும்பு, குறைந்த வலி, சீக்கிரம் வீடு திரும்புவது எல்லாம் யாருக்குத்தான் வேண்டாம்? நான் செய்வதும் நுண்துளை (லேப்ராஸ்கோப்பி) அறுவைச் சிகிச்சைதான். அதன்மேல் எனக்குள்ள பற்று கொஞ்சமும் குறையவில்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. எம்ஆர்ஐ எடுத்தாயிற்றா என்று கேட்கிறேன். பயாப்ஸி (திசுப் பரிசோதனை) அறிக்கையை வாங்கிப் பார்க்கிறேன். மலக்குடல் புற்றுநோயைப் பொறுத்தவரை துளையின் அளவு இரண்டாம் பட்சம்தான். கத்தியை எடுப்பதற்கு முந்தைய நான்கைந்து மாதங்களில் நடப்பவைதான் பெரிய விஷயங்களை முடிவு செய்கின்றன: நோயாளி நிரந்தரமாக வயிற்றில் மலப் பையோடு வாழ்வாரா, பழையபடி மலம் கழிப்பாரா, சிலருக்கு அறுவைச் சிகிச்சையே தேவைதானா என்பதையெல்லாம்.

இந்த உறுப்பு இருக்கும் இடத்தைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. பெருங்குடலின் கடைசி 12 முதல் 15 சென்டிமீட்டர்தான் மலக்குடல். எலும்புக் கூண்டு போன்ற இடுப்பின் அடியாழத்தில் கிடக்கிறது. ஆண்களுக்கு முன்பக்கம் சிறுநீர்ப்பையும் புராஸ்டேட்டும், பெண்களுக்குக் கருப்பையும் யோனியும். பின்பக்கம் முதுகெலும்பின் கடைப்பகுதி. இரு பக்கமும் சிறுநீர் கழிப்பதற்கும் தாம்பத்தியத்துக்கும் வேண்டிய மெல்லிய நரம்புகள். அடியில் மலத்தை அடக்கி வைக்கும் சுருக்குத் தசை. மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. நிணநீர்க் கணுக்கள் அதற்குள்தான் இருக்கின்றன, புற்றுநோய் முதலில் பரவுவதும் அங்கேதான்.

1908-இல் லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் என்ற அறுவை மருத்துவர் வயிற்றிலிருந்தும் கீழிருந்தும் ஒருசேர அறுத்து மலக்குடலை ஆசனவாயோடு அகற்றும் முறையை வெளியிட்டார். வயிற்றில் நிரந்தரப் பை. பல பத்தாண்டுகளுக்கு அதுவே சிகிச்சையாக இருந்தது. அப்படிச் செய்தும் பலருக்கு இடுப்புக்குள்ளேயே நோய் திரும்பி வந்தது. அந்த மறுவருகை தரும் வலியை ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது. உட்கார முடியாது, படுக்க முடியாது. 1982-இல் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகரில் பணியாற்றிய பில் ஹீல்ட், நோய் திரும்புவதற்கான காரணம் அந்தக் கொழுப்பு உறையின் மிச்சத்தில் இருக்கிறது என்று காட்டினார். உறையை எங்கும் கிழிக்காமல், அதற்கும் இடுப்புச் சுவருக்கும் நடுவே இயற்கையாகவே அமைந்திருக்கும் ரத்தமில்லாத இடைவெளி வழியே போய் முழுதாக எடுத்துவிட வேண்டும் என்றார். இன்று திறந்து செய்தாலும், லேப்ராஸ்கோப்பியில் செய்தாலும், ரோபோவில் செய்தாலும் நாங்கள் தேடிப்போவது அந்த இடைவெளியைத்தான். நல்ல நாளில் அது சிலந்திவலை இழைகளைப்போல் தானாகவே பிரிந்துகொடுக்கும்.

முன்சிகிச்சையின், அதாவது அறுவைக்கு முன்பே கொடுக்கும் கதிர்வீச்சு, கீமோ ஆகியவற்றின் கதை இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது. சுவீடனில் 1987 முதல் 1990 வரை ஓர் ஆய்வு நடத்தினார்கள். அறுவைக்கு முந்தைய வாரத்தில் ஐந்து நாட்கள் மட்டும் கதிர்வீச்சு. 1997-இல் முடிவு வந்தபோது, ஐந்தாண்டுகளில் இடுப்புக்குள் நோய் திரும்பியவர்கள் 27 விழுக்காட்டிலிருந்து 11 ஆகக் குறைந்திருந்தார்கள். ஹீல்டின் முறையில் உறையை முழுதாக எடுத்துவிட்டால் கதிர்வீச்சு வேண்டியிருக்குமா என்ற கேள்விக்கு நெதர்லாந்து 2001-இல் பதில் சொன்னது. வேண்டும், இரண்டாண்டுகளில் 8.2 விழுக்காடு 2.4 ஆகக் குறைகிறது. ஜெர்மனி 2004-இல் இன்னொன்றைத் தீர்த்துவைத்தது. கீமோவோடு சேர்த்த கதிர்வீச்சை அறுவைக்குப் பின் கொடுப்பதைவிட முன்பே கொடுத்தால் நோய் திரும்புவதும் குறைவு (13-க்கு எதிராக 6 விழுக்காடு), கடுமையான பக்கவிளைவுகளும் குறைவு. ஏன் முன்பே என்று நோயாளிகள் கேட்பதுண்டு. அறுவை நடந்த இடத்தில் ரத்த ஓட்டம் குலைந்துபோயிருக்கும், ஆக்சிஜன் குறைந்த திசுவில் கதிர்வீச்சுக்கு வலு குறைவு. மலக்குடல் இருந்த வெற்றிடத்தில் சிறுகுடல் இறங்கி உட்கார்ந்திருக்கும், அதன்மேலும் கதிர் படும். முன்பே கொடுத்தால், கதிர்பட்ட மலக்குடலை வெட்டி எடுத்துவிட்டு, மேலிருந்து கதிர்படாத நல்ல குடலை இறக்கித் தைக்கலாம்.

அதற்கடுத்த மாற்றம் கீமோவையும் முன்னால் கொண்டுவந்தது. அறுவை முடிந்து உடல் தேறிவந்தபிறகு கீமோ என்று ஒத்திவைத்தால், களைத்துப்போன நோயாளிகளில் பலர் அதை முடிப்பதேயில்லை. கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் நோய் போய்விடுவதுதான் உயிரைப் பறிக்கிறது, அதைத் தடுக்க வேண்டிய மருந்தோ பாதியில் நிற்கிறது. ஆகவே எல்லாச் சிகிச்சையையும் கத்திக்கு முன்பே முடித்துவிடலாம் என்ற முழு முன்சிகிச்சை முறை வந்தது. நெதர்லாந்தும் சுவீடனும் முன்னின்று நடத்திய ராப்பிடோ ஆய்வும், பிரான்சின் ப்ரோடீஜ் 23 ஆய்வும் 2021-இல் வெளியாயின. இரண்டிலுமே, வெட்டியெடுத்த மலக்குடலை நுண்ணோக்கியில் பார்த்தபோது புற்றணுவே இல்லாதவர்கள் 28 விழுக்காடு இருந்தார்கள். பழைய முறையில் அது 12 முதல் 14 விழுக்காடுதான். ராப்பிடோவில் ஒரு நெருடலும் உண்டு. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது இடுப்புக்குள் நோய் திரும்பியவர்கள் ஐந்து நாள் கதிர்வீச்சு பெற்ற புதுமுறைப் பிரிவில் 10 விழுக்காடு, ஐந்து வாரம் பெற்ற பழைய பிரிவில் 6. தூரத்துப் பரவலைக் குறைத்த முறை உள்ளூரில் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறது. அதனால் கட்டி உறையின் விளிம்புவரை வந்துவிட்டவர்களுக்கு ஐந்து நாள் கதிர்வீச்சா, ஐந்து வார கதிர்வீச்சா என்பதை எங்கள் குழுவில் ஒவ்வொருவருக்கும் தனியாக உட்கார்ந்து பேசுகிறோம்.

இனி அறுவை அரங்குக்குள் நடப்பதைச் சொல்கிறேன். இது வெளியே அதிகம் பேசப்படுவதில்லை.

கதிர்வீச்சு முடிந்த சில வாரங்களில் நான் மேலே சொன்ன அந்த இடைவெளி நீர்கோத்து ஊறிப்போயிருக்கும். வெப்பக் கருவியால் தொட்டால் ஈரம் கசியும், கேமராவில் புகை மண்டும், இழைகளின் ஓரம் தெளிவாகத் தெரியாது. மாதங்கள் போனால் நீர் வற்றும், ஆனால் நார்த்திசு இறுகத் தொடங்கும். பிரிந்துகொடுக்க வேண்டிய இடம் ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்கும். குறுகிய இடுப்புடைய, கொழுப்பு மிகுந்த ஓர் ஆண் நோயாளிக்கு, புராஸ்டேட்டுக்குப் பின்னால், அந்த ஒட்டலைப் பிரிப்பது என் தொழிலில் நான் அறிந்த மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனால் உறை கிழியும், ஒரு மில்லிமீட்டர் வெளியே போனால் நரம்பு போகும்.

காத்திருந்தால் கட்டி இன்னும் சுருங்கும் என்று எல்லோரும் நம்பினோம். பிரான்சில் கிரெக்கார் 6 என்ற ஆய்வில் 7 வாரம் காத்திருந்தவர்களையும் 11 வாரம் காத்திருந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். முழுதாகக் கட்டி மறைந்தவர்களின் விகிதம் கூடவில்லை, 15.0-உம் 17.4-உம்தான். ஆனால் 11 வாரப் பிரிவில் சிக்கல்கள் கூடின. உறையைப் பழுதில்லாமல் எடுக்க முடிந்தவர்கள் 90 விழுக்காட்டிலிருந்து 79-க்குக் குறைந்தார்கள். இந்த எண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். முன்சிகிச்சை கட்டியைச் சுருக்கி எங்களுக்கு உதவுகிறது, அதே சிகிச்சை நாங்கள் நடந்துபோக வேண்டிய பாதையையும் கெடுக்கிறது. மலக்குடல் அறுவைச் சிகிச்சையில் அனுபவம் வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். கருவி வாங்கியதும் எல்லா மருத்துவமனையும் செய்துவிடலாம் என்ற நிலை எனக்குக் கவலை தருகிறது.

இன்னும் சில நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. திறந்து செய்தால் கையால் தடவிக் கட்டியைக் கண்டுபிடிக்கலாம். லேப்ராஸ்கோப்பியில் கருவியின் நுனிதான் விரல். கட்டி நன்றாகச் சுருங்கிவிட்டால் எங்கே இருந்தது என்பதே தெரியாமல் போகும். அதனால் முன்சிகிச்சை தொடங்கும் முன்பே எண்டோஸ்கோப்பியில் கறுப்பு மையால் இடத்தைக் குறித்துவைக்கச் சொல்கிறோம். கதிர்பட்ட திசு மெதுவாகத்தான் ஆறும், எனவே குடலைத் தைத்த இடத்தில் கசிவு வந்தாலும் நோயாளிக்கு ஆபத்து நேராதபடி சில மாதங்களுக்குச் சிறுகுடலை வயிற்றில் திறந்து தற்காலிகப் பை வைக்கிறோம். "பை வேண்டாம் என்றுதானே கரண்ட் (கதிர்வீச்சு) வைத்துக்கொண்டேன்" என்று கண்கலங்கும் நோயாளிக்குத் தற்காலிகத்துக்கும் நிரந்தரத்துக்கும் உள்ள வேறுபாட்டை முன்கூட்டியே பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

லேப்ராஸ்கோப்பி இந்தக் கெட்டுப்போன பாதையில் நம்பத்தக்கதா? கொரியாவில் நடந்த 'கொரியன்' என்ற ஆய்வு இதையே கேட்டது. கீமோவும் கதிர்வீச்சும் முடித்த 340 பேரைத் திறந்தும் துளையிட்டும் செய்து ஒப்பிட்டதில், மூன்றாண்டுகளில் நோயின்றி இருந்தவர்கள் துளையிட்ட பிரிவில் 79.2 விழுக்காடு, திறந்த பிரிவில் 72.5. துளையிட்டுச் செய்வது குறைந்ததல்ல என்று முடிவானது. ஐரோப்பாவின் கலர் 2 ஆய்விலும் இரு பிரிவிலும் இடுப்புக்குள் நோய் திரும்பியது 5 விழுக்காடுதான். ஆனால் 2015-இல் அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்த இரண்டு ஆய்வுகளில், வெட்டியெடுத்த உறையின் தரத்தை வைத்துப் பார்த்தபோது துளையிட்ட முறை திறந்த முறைக்கு நிகரானது என்று நிறுவ முடியவில்லை. பின்னாளைய தொடர்ச்சியில் நோய் திரும்புவதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்றாலும், அந்த எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். ரோபோவுக்கும் இதே கதை. 2017-இல் வெளியான ரோலார் ஆய்வில், பாதியில் வயிற்றைத் திறக்க வேண்டிவந்தவர்கள் ரோபோவில் 8.1, லேப்ராஸ்கோப்பியில் 12.2 விழுக்காடு. புள்ளியியல்படி அது வெற்றியல்ல. 2025-இல் சீனாவின் ரியல் ஆய்வு, நடு மற்றும் கீழ் மலக்குடல் கட்டிகளில் இடுப்புக்குள் நோய் திரும்புவது ரோபோவில் 1.6, லேப்ராஸ்கோப்பியில் 4.0 விழுக்காடு என்று காட்டியது. கைதேர்ந்தவர்கள் கையில் ரோபோவின் வளையும் மணிக்கட்டு அந்த இறுகிய இடுக்கில் உதவுகிறது என்பதை நான் ஏற்கிறேன். ஆனாலும் அந்த ஆதாயம் சரியான முன்சிகிச்சை தரும் ஆதாயத்துக்கு மேல் வருவதுதான், அதற்கு மாற்றாக வருவதல்ல.

இப்போது பிரேசிலுக்குப் போக வேண்டும். சாவோ பாவுலோவில் ஆஞ்சலிட்டா ஹப்ர்-காமா என்ற அறுவை மருத்துவர் ஓர் அசௌகரியமான கேள்வியைக் கேட்டார். கதிர்வீச்சும் கீமோவும் முடித்துச் சில வாரம் கழித்து விரலால் தொட்டுப் பார்த்தாலும், உள்நோக்கியால் (எண்டோஸ்கோப்) பார்த்தாலும், ஸ்கேனிலும் கட்டியே இல்லை. அந்த நோயாளியின் மலக்குடலை எதற்காக வெட்டுகிறோம்? 2004-இல் அவர் 265 பேரின் விவரங்களை வெளியிட்டார். அவர்களில் 71 பேருக்கு, அதாவது நான்கில் ஒருவருக்குச் சற்று மேல், கட்டி முழுதாக மறைந்திருந்தது. அவர்களை வெட்டாமல், மாதாமாதம் வரவழைத்துக் கவனித்தார். ஐந்தாண்டு உயிர்பிழைப்பு, அறுவை செய்துகொண்டவர்களைவிடக் குறையவில்லை. பலர் நம்பவில்லை. வெட்டத் தெரிந்தவர் வெட்டாமல் இருப்பதைத் துறையே சந்தேகத்தோடு பார்த்தது. பிறகு உலகெங்கும் இப்படிக் கவனிக்கப்பட்டவர்களின் பதிவேடு ஒன்று உருவானது. 2018-இல் அதிலிருந்து 880 பேரின் விவரங்கள் வந்தன. இரண்டாண்டுகளில் நான்கில் ஒருவருக்குக் கட்டி மீண்டும் முளைத்தது. முளைத்தவற்றில் 97 விழுக்காடு குடல்சுவரிலேயே, அதாவது விரலுக்கும் உள்நோக்கிக்கும் எட்டும் இடத்திலேயே.

நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்திலிருந்து நடத்தப்பட்ட ஓப்ரா ஆய்வு இதை மேலும் உறுதியாக்கியது. கதிர்வீச்சை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு கீமோ கொடுத்த பிரிவில், மூன்றாண்டு கழித்தும் 53 விழுக்காட்டினர் தங்கள் மலக்குடலோடு இருந்தார்கள். வரிசையை மாற்றி முதலில் கீமோ கொடுத்த பிரிவில் அது 41. அதே மருந்துகள், அதே கதிர். வரிசை மட்டும்தான் வேறு. கட்டி மீண்டும் முளைத்து அறுவை செய்துகொண்டவர்களும், முதலிலேயே செய்துகொண்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் நோயின்றி இருந்தார்கள். காத்திருந்ததால் வாய்ப்பு பறிபோகவில்லை.

மலக்குடலை முழுதாக எடுப்பது, வெட்டாமல் கவனிப்பது என்ற இரு எல்லைகளுக்கும் நடுவே ஒரு பாதையும் உண்டு. கட்டி சிறிதாக இருந்து, முன்சிகிச்சையில் தழும்பாகச் சுருங்கிவிட்டால், வயிற்றில் துளையே போடாமல் ஆசனவாய் வழியாகக் கருவியைச் செலுத்தி அந்தத் தழும்பை மட்டும் முழுத்தடிமனில் வெட்டியெடுக்கலாம். ஜெர்மனியின் கெர்ஹார்ட் பூஸ் 1980-களில் உருவாக்கிய முறை. பிரிட்டனின் ட்ரெக் ஆய்வில் ஐந்து நாள் கதிர்வீச்சுக்குப் பின் இப்படிச் செய்தவர்களில் 70 விழுக்காட்டினர் உறுப்பைக் காப்பாற்றிக்கொண்டார்கள். கதிர்பட்ட இடத்துக் காயம் ஆறுவதற்குள் வலி நோயாளியைப் படுத்தும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

எல்லோருக்கும் எல்லாம் கொடுப்பது நல்லதா என்றால், இல்லை. 2023-இல் வெளியான அமெரிக்காவின் ப்ராஸ்பெக்ட் ஆய்வு எதிர்த்திசையில் போனது. கட்டி மிகக் கீழேயும் இல்லாமல், உறையின் விளிம்பையும் தொடாமல் இருப்பவர்களுக்குக் கீமோ மட்டும் கொடுத்துவிட்டு, கட்டி போதிய அளவு சுருங்காவிட்டால் மட்டும் கதிர்வீச்சு. பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே கதிர்வீச்சு தேவைப்பட்டது. ஐந்தாண்டு நோயின்றி இருந்தவர்கள் 80.8 விழுக்காடு, வழக்கமான பிரிவில் 78.6. இதை நான் குறிப்பாக இளம்பெண்களை நினைத்துச் சொல்கிறேன். இடுப்புக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் சூலகங்கள் செயலிழக்கும், மாதவிடாய் நிற்கும், கருப்பையும் பழையபடி இராது. நம் நாட்டில் முப்பது வயதைச் சுற்றி இந்த நோயோடு வருபவர்களைப் பார்க்கிறோம். கதிர்வீச்சு தவிர்க்க முடியாதது என்றால், தொடங்கும் முன்பே லேப்ராஸ்கோப்பி மூலம் சூலகங்களைக் கதிர்படாத உயரத்துக்கு நகர்த்தித் தைத்துவைக்கலாம். அரை நாள் வேலை. கல்யாணமாகாத பெண்ணிடம் இதையெல்லாம் எப்படிப் பேசுவது என்று குடும்பம் தயங்கும், மருத்துவர்களும் தயங்குவார்கள். பேசியே ஆக வேண்டும். ஆண்களிடம் விந்தணுவைச் சேமிப்பது பற்றியும் அப்படித்தான்.

நம்மூரில் இந்தப் படிப்பினைகளைப் பொருத்தும்போது முதல் தடை நோய் தெரியவரும் நேரம். மலத்தில் ரத்தம் என்றால் மூலம் என்று முடிவுசெய்து, மூலம், பௌத்திரம் என்று பலகை மாட்டிய இடங்களில் மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். ஒருவர் கையுறை போட்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். இரண்டாவது தடை தூரம். ஐந்து வாரம் தினமும் கதிர்வீச்சுக்கு வர வேண்டும் என்றால் கூலிவேலை செய்பவர் எங்கே தங்குவார், யார் சோறு போடுவார்கள்? அப்படிப்பட்டவர்களுக்கு ஐந்து நாள் முறை பொருந்தினால் அது பெரிய வரம்.

வெட்டாமல் கவனிக்கும் முறையிலும் தூரம்தான் என்னைத் தயங்கவைக்கிறது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் கட்டி பெரும்பாலும் திரும்ப முளைக்கிறது. அந்தக் காலம் முழுவதும் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை விரல் பரிசோதனை, உள்நோக்கி, எம்ஆர்ஐ என்று தவறாமல் வர வேண்டும். கட்டி மறைந்துவிட்டது என்று கேட்டதும், "கடவுள் காப்பாற்றிவிட்டார் டாக்டர்" என்று கைகூப்பிவிட்டு ஊருக்குப் போய், அடுத்த வருகைக்கு வராமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும்தான் காரணமாக இருக்கும். அதற்காக அவர்களுக்கெல்லாம் வெட்டிவிடுவதே பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏழை என்பதற்காக ஒருவர் காப்பாற்றக்கூடிய மலக்குடலை இழக்கக் கூடாது. ஒரு செவிலியர் நாள் தவறாமல் தொலைபேசியில் நினைவூட்டினாலே வருகை எவ்வளவோ கூடுகிறது. ரோபோவுக்குக் கோடிகளை ஒதுக்கும் மருத்துவமனைகள் அந்த ஒரு செவிலியரின் சம்பளத்தையும் ஒதுக்க வேண்டும் என்று நான் கேட்கும் கூட்டங்களிலெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தொடக்கத்தில் பயாப்ஸி அறிக்கையைக் குறிப்பிட்டுவிட்டு அப்படியே விட்டிருந்தேன். மலக்குடல் புற்றுநோயாளிகளில் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு, மரபணுப் பிழைகளைச் சரிசெய்யும் புரதங்கள் கட்டியில் இல்லாமல் இருக்கும். 2022-இல் ஸ்லோன் கெட்டரிங்கில் ஆண்ட்ரியா செர்செக் தலைமையிலான குழு, இத்தகைய 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆறு மாதம் கொடுத்தது. பன்னிரண்டு பேருக்கும் கட்டி முழுதாக மறைந்தது. கதிர்வீச்சு இல்லை, கீமோ இல்லை, அறுவை இல்லை. 2025-இல் சிகிச்சையை முடித்தவர்களின் எண்ணிக்கை 49 ஆனபோதும் 49 பேருக்கும் மறைந்திருந்தது. புற்றுநோயியலில் நூற்றுக்கு நூறு என்ற சொல்லை நாங்கள் கேட்டுப் பழகியவர்கள் அல்லர். மருந்து விலை அதிகம், நம் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இன்று எட்டாது. ஆனால் அந்தப் புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை அப்படியல்ல. சாதாரணத் திசு ஆய்வகத்தில், ஏற்கெனவே எடுத்த பயாப்ஸித் துண்டிலேயே செய்துவிடலாம். வேறு ஊசி, வேறு குத்தல் எதுவும் வேண்டாம். உங்கள் வீட்டில் யாருக்கேனும் இந்த நோய் என்று தெரியவந்தால், கதிர்வீச்சுக்கு நாள் குறிக்கும் முன்பே இந்தச் சோதனை செய்யப்பட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். செய்யவில்லை என்றால், பயாப்ஸித் துண்டு பதிந்த மெழுகுக் கட்டி ஆய்வகத்தில் பத்திரமாக இருக்கும், அதைக் கேட்டு வாங்கி அனுப்பலாம்.